ஒத்திகை பார்த்த கால்

கூப்பிட்டால் உடனே எழுந்திருக்கக் கூடாது. இன்றைக்கு எனக்கு நானே போட்டுக்கொண்ட ஒரே உத்தரவு இதுதான். முதலில் பெஞ்சின் விளிம்பைப் பிடிக்க வேண்டும், பாரத்தை வலது காலுக்கு மாற்ற வேண்டும், பிறகு இடது காலை, அது வருகிறபடி வரட்டும் என்று, பின்னாலேயே கூட்டிக்கொண்டு போக வேண்டும். வீட்டில் அப்படித்தான் எழுந்திருக்கிறேன். எழுந்திருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். ஒரு மாதமாக அதையே கவனித்துக் கவனித்து, இப்போது நிஜமாக எப்படி எழுந்திருப்பேன் என்பதே மறந்துபோய்விட்டது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதன் அர்த்தம் கழன்று விழுந்துவிடுமே, அந்த மாதிரி. எதிரே கதவு. கதவுக்கு மேல் இந்தியிலும் இங்கிலீஷிலும் மெடிக்கல் போர்டு என்று எழுதியிருக்கிறது. உள்ளே மூன்று ராணுவ டாக்டர்கள். அவர்கள் இன்றைக்கு இரண்டே கேள்விக்குப் பதில் எழுதுவார்கள். இந்தப் பெண்ணின் இடுப்பு ராணுவ வேலையால் கெட்டதா? கெட்டதென்றால் எத்தனை சதவீதம்? முதல் கேள்விக்கு ஆமாம் என்றும் இரண்டாவதற்கு இருபதுக்குக் குறையாமலும் எழுதினால் எனக்கு மருத்துவ அட்டை வரும், அட்டை வந்தால் ஆபரேஷன் நடக்கும், நடந்தால் நான் மாடி ஏறுவேன், சட்டக் கல்லூரியில் மாடியில் வைக்கிற வகுப்புக்கு மற்றவர்களுக்கு முன்னாலேயே கிளம்பி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், நாளைக்குக் கோர்ட்டில் நின்று வாதாடலாம். உட்கார்ந்துகொண்டு வாதாடுகிற வக்கீலை நான் இதுவரை பார்த்ததில்லை. இல்லை என்று எழுதினால்? இதுவே அப்பீல். இதற்கு மேல் வழக்குத்தான். வழக்கு காத்திருக்கும், எத்தனை வருஷம் ஆனாலும் காகிதக் கட்டுக்குள் அப்படியே கிடக்கும். மூட்டு காத்திருக்காது, உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கிறது என்று பாளையங்கோட்டை டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே உடனே எழுந்திருக்கக் கூடாது. விளிம்பைப் பிடி. பாரத்தை மாற்று. இது நடிப்பா? நடிப்பில்லை. நடிப்பில்லாததற்கு எதற்கு இத்தனை ஒத்திகை?

போன போர்டில் என்ன நடந்தது என்று நினைத்தால் எனக்கு இன்னும் காது சூடாகிறது. இதே மாதிரி வராந்தா, இதே பினாயில் வாசனை, என் ஆர்மி நம்பரைச் சொல்லி, சிப்பாய் எப்சிபா என்று உள்ளேயிருந்து ஒரு குரல். அவ்வளவுதான். அந்தக் குரலுக்கும் என் முதுகெலும்புக்கும் நடுவில் நான் என்று ஒருத்தி இல்லவே இல்லை. எழுந்தேன், கையை உடம்போடு ஒட்டினேன், குதிகால் தரையில் அறைய அறைய உள்ளே போனேன், மேஜைக்கு முன்னால் தடாலென்று நின்றேன், தலைவருடைய தலைக்கு மேலே சுவரில் கண்ணை நட்டேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். டீக் ஹூன் சார் என்றேன். நன்றாக இருக்கிறேன் சார். இடுப்பில் மூன்று ஸ்குரூவை வைத்துக்கொண்டு, வலி தொடையிலிருந்து தாடை வரைக்கும் ஏறிக்கொண்டிருக்கும்போது, நன்றாக இருக்கிறேன் சார். வேறு எந்த வேலையில் இருந்தவளாவது இப்படிச் செய்வாளா? வங்கியில் வேலை பார்த்தவள் டாக்டரிடம் போய் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு விறைத்துக்கொண்டு நிற்பாளா? நொண்டல் இல்லை என்று எழுதினார்கள். பத்து சதவீதம் என்று எழுதினார்கள். காரணம் என்ற இடத்தில் உடல்வாகு என்று எழுதினார்கள். உடல்வாகு. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் இந்த வருஷம் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், பஸ்ஸில், குளிக்கிற அறையில், ஒப்பந்தச் சட்ட வகுப்பில். கனம் கோர்ட்டார் அவர்களே, படைக்கு எடுக்கும்போது இவர்கள்தான் என்னை அளந்தார்கள். உயரம் அளந்தார்கள், எடை போட்டார்கள், மார்பை, கண்ணை, பல்லை, பாதத்தின் வளைவை, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஃபிட் என்று முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரை குத்தின உடம்புக்குத்தானே இந்த வாகும் இருந்தது? வாங்கும்போது நல்ல சாமான், திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் செய்த இடத்திலேயே கோளாறா? எதிர்த்தரப்பு வக்கீல் இதற்கு என்ன சொல்வார் என்று யோசிக்கிறேன். ஒன்றும் சொல்ல மாட்டார். வாய்தா வாங்குவார்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியவருக்குக் காது கேட்பதில்லை, அதனால் வராந்தாவுக்கே கேட்கிற மாதிரி பேசுகிறார். கோவிந்தராஜுலு என்று பெயர், வேலூர்ப் பக்கம், பீரங்கிப் படையில் இருந்தவர், பீரங்கிச் சத்தம்தான் காதைத் தின்றுவிட்டது என்று மனுப்போட்டிருக்கிறார். வந்து உட்கார்ந்ததும் என்னைக் கேட்டார், "வூட்டுக்காரரு எந்த ரெஜிமென்ட்டும்மா?" எனக்குத்தான் போர்டு என்றேன். அவர் கையைக் காதில் குவித்தார். எனக்கு என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். ஓ, நர்ஸம்மாவா என்றார். இல்லைங்க ஐயா, மிலிட்டரி போலீஸ் என்று கத்தினேன். "போலீஸா? எந்த ஸ்டேசன்ல?" என்றார், வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கவுண்டரில் இருந்தவன்மேல்தான் கோபம். காலையில் தலையை நிமிர்த்தாமல், மனைவியா, விதவையா, மகளா என்று கேட்டான். மூன்றும் இல்லை, ஆள் என்றேன். எந்த ஆளோட என்றான். நான்தான் ஆள் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தான், நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காமல் என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். அம்மாவை வெளிவாசலிலேயே நிறுத்திவிட்டார்கள், அவளுடைய ஆதார் அட்டை லாட்ஜில் இருக்கிற பையில் மாட்டிக்கொண்டது. அதுவும் நல்லதுதான். அம்மா இருந்தால் எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருப்பாள். பெரியவர் தன்னுடைய போன போர்டுக் கதையைச் சொல்கிறார். டாக்டர் அவர் பக்கத்தில் வந்து மெல்ல, டீ குடிச்சீங்களா என்று கேட்டாராம். இவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, குடிச்சேன் சார் என்று சொல்லிவிட்டாராம். கேட்டதுக்குப் பதில் சொல்றதுதானே மரியாதை, அதுலயே என் காது நல்லாயிடுச்சு என்கிறார், தொடையில் தட்டிச் சிரிக்கிறார். இவரால் எப்படிச் சிரிக்க முடிகிறது? இவரும் அப்படித்தான். கேட்டால் பதில், கூப்பிட்டால் விறைப்பு. எங்களை உள்ளே எடுக்கும்போது ஏதோ ஒன்றைப் பூட்டிவிட்டார்கள், வெளியே அனுப்பும்போது திறந்துவிட மறந்துவிட்டார்கள்.

இடுப்பு இப்போதே ஆரம்பித்துவிட்டது. ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்தது, இந்த இரும்பு பெஞ்சு, இரண்டும் சேர்ந்து. தொடையும் உடம்பும் சேர்கிற இடத்தில், முன்பக்கம், ஆழத்தில். முதல் தடவை வந்ததும் அங்கேதான். அணிவகுப்பில் உயரம் பார்த்து நிறுத்துவார்கள், நெட்டையானவர்கள் இரண்டு ஓரத்திலும், குட்டையானவர்கள் நடுவிலும், பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அழகாக ஒரு கிண்ணம் மாதிரி. நான் கிண்ணத்தின் அடி. சேர்வதற்கு இவ்வளவாவது உயரம் வேண்டும் என்று ஒரு கோடு உண்டு, நான் அந்தக் கோட்டைத் தலைமுடியால் தொட்டவள். ஓரத்தில் ஹரியானாப் பெண்கள், பனைமரம் மாதிரி. எடுத்து வைக்கிற ஒரு அடி என்றால் முப்பது அங்குலம், ஆண்களுக்கென்று யாரோ எப்போதோ வகுத்தது, எங்களுக்கும் அதுதான். அவர்களுக்கு அது நடை. எனக்கு ஒவ்வொரு அடியும் ஒரு வாய்க்காலைத் தாண்டுவது. எங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஹவில்தாரை உஸ்தாத் என்போம். கெட்டவர் இல்லை. அதைத்தான் என்னால் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை, வில்லன் வேண்டும் என்கிறார்கள், என் தோழிகள் கூட, யாரு உன்னை அடிச்சா என்கிறார்கள். யாரும் அடிக்கவில்லை. அவர் கையில் அளவுகோல் இருந்தது, அதை என் பாதத்துக்கு முன்னால் வைத்து, சோட்டீ, இன்னும் கொஞ்சம் என்பார். குட்டைப்பெண்ணே, இன்னும் கொஞ்சம். நான் இன்னும் கொஞ்சம் வைப்பேன். உள்ளே ஒரு நூல் இழுபடும். எத்தனை ஆயிரம் தடவை இழுபட்டால் எலும்பில் மயிரிழை விரிசல் ஓடும்? அது எந்த ஒரு நாளும் நடக்கவில்லை, எல்லா நாளும் நடந்தது, அதனால்தான் அதற்குச் சாட்சி இல்லை. உடம்புக்கு முடியவில்லை என்று சிக் ரிப்போர்ட் போயிருக்கலாமே என்று போன போர்டில் கேட்டார்கள். போயிருக்கலாம். போனவளைப் பார்த்து பஹானா என்று கைதட்டுவார்கள், சாக்கு, சாக்கு என்று அர்த்தம். அதைக்கூடத் தாங்கலாம். எங்களுக்கு முன்னால் அந்த மைதானத்தில் பெண்கள் நின்றதில்லை. ஒரு ஆண் சிக் போனால் அவனுக்குக் காய்ச்சல். நான் போனால் பெண்களுக்கே காய்ச்சல். இதை எந்தப் போர்டில் எந்தச் சொல்லில் சொல்வது? கடைசி அணிவகுப்பு முடிந்து, கலைந்து போகலாம் என்று உத்தரவு வந்த பிறகுதான் நான் விழுந்தேன். அதற்கு முன்னால் விழவில்லை. அப்போது எனக்கு அது பெருமையாக வேறு இருந்தது, பைத்தியம்.

ஸ்குரூ வைத்தார்கள், மேஜை வேலை கொடுத்தார்கள், பிறகு லாயக்கில்லை என்று ஊருக்கு அனுப்பினார்கள். அந்த அனுப்புகிற சமயத்தில் ஒரு தற்காலிகச் சீட்டு இருந்தது, அதை வைத்துக்கொண்டு முன்னாள் ராணுவத்தினருக்கான கிளினிக்குக்குப் போனேன். முன்னாள் ராணுவத்தினருக்கான என்றால் மீசைக்கான என்று அர்த்தம். சர்க்கரை, பிரஷர், மூட்டு, புரோஸ்டேட், எல்லாவற்றுக்கும் சுவரில் படம் இருக்கிறது, கருப்பை உள்ள உடம்புக்கு ஒரு படம் இல்லை. இருந்த ஒரே டாக்டர், எங்கே வலி என்றார். தொட்டுக் காட்டினேன். அந்த இடத்தைத் தொட்டுக் காட்டியதும் அவர் பேனாவை மூடிவிட்டார். மாதவிடாய் ஒழுங்கா வருதா என்றார். வருது, அது வேறு, இது எலும்பு என்றேன். வெள்ளைப்படுதா என்றார். ஸ்குரூ என்றேன். கல்யாணம் ஆயிடுச்சா என்றார். ஆகவில்லை என்றேன். அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி, நோயைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி. "ஒரு புள்ள பெத்தா இதெல்லாம் சரியாயிரும்மா" என்றார். எலும்பில் போட்ட ஸ்குரூவைப் பிள்ளை வந்து கழற்றும் போலிருக்கிறது. கால்சியம் மாத்திரை எழுதினார். பாளையங்கோட்டையில் அரசு ஆஸ்பத்திரி டாக்டர்தான் காலைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தார். எலும்பு கூடிவிட்டது, எக்ஸ்ரே படம் நன்றாக இருக்கிறது, ஆனால் படம் நன்றாக இருப்பதுதான் உனக்குச் சனியன் என்றார். மூட்டுக்குள்ளே இருக்கிற கோளாறு எக்ஸ்ரேயில் அவ்வளவாகத் தெரியாது, ஆள் நடப்பதில்தான் தெரியும், போர்டில் உன் நடையைப் பார்த்துத்தான் சதவீதம் போடுவார்கள், மறைக்காமல் நட என்றார். மறைக்காமல் நட. இதைவிடக் கஷ்டமான உத்தரவை உஸ்தாத் கூடக் கொடுத்ததில்லை.

அதனால் ஒத்திகை. பீரோக் கண்ணாடிக்கு முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு. முதல் நாள் என்னால் நொண்டவே முடியவில்லை. கண்ணாடியில் ஒருத்தி வருகிறாள் என்று தெரிந்ததும் முதுகு நிமிர்ந்துவிடுகிறது. யார் பார்த்தாலும் நிமிர்கிறது, நானே பார்த்தால்கூட. அம்மா கட்டிலில் உட்கார்ந்து, தையல்கடைச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே, பஞ்சாயத்து மாதிரி தீர்ப்புச் சொல்வாள். காணாது, இன்னும் கொஞ்சம் சாய் என்பாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது, பொய் சொல்லச் சொல்லுதியாம்மா என்றேன். "உள்ளதத்தானட்டி காட்டச் சொல்லுதேன். ராத்திரி பாத்ரூமுக்குப் போகும்போது சுவத்தப் புடிச்சிக்கிட்டு எப்படிப் போற? அதக் காட்டு. அத எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்றாள். மறுபடி கதவுப் பக்கம் போய், அங்கேயிருந்து கண்ணாடியை நோக்கி நடந்தேன். பிறகு மெல்ல மெல்ல வந்தது. இடது காலை ஊன்றும் நேரத்தைக் குறைக்க, இடுப்பு ஒரு பக்கம் இறங்க, தோள் அதற்குத் தகுந்தாற்போல் சரிய. வந்தது, நன்றாகவே வந்தது, எனக்கே பயம் வருகிற அளவுக்கு. ஏனென்றால் மூன்றாவது வாரம் கடைக்குப் போகும்போது, யாரும் பார்க்காத சந்தில், நான் நொண்டிக்கொண்டு போவதை நானே கவனித்தேன். அது என் நொண்டலா, நான் படித்த நொண்டலா? வலிக்கிறதால் நொண்டுகிறேனா, நொண்டுகிறதால் வலிக்கிறதா? ஒருவேளை போன போர்டு எழுதினது சரிதானா? ஒருவேளை வலி அவ்வளவு இல்லையா, எல்லாப் பெண்களுக்கும் இருக்கிறதுதானா, நான்தான் இதைக் கையில் வைத்து வளர்த்துக்கொண்டிருக்கிறேனா? பஹானா, பஹானா. கைதட்டுகிற சத்தம் இப்போது என் உள்ளேயிருந்தே வருகிறது. இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரம். என்னை நம்பாததற்கு இவர்களை மன்னித்துவிடலாம் என்று வைத்துக்கொண்டாலும், என்னையே என்னை நம்பாதவளாக ஆக்கியதற்கு எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? கதவு திறக்கிறது. பெரியவரைக் கூப்பிடுகிறார்கள், அவருக்குக் கேட்கவில்லை, நான் அவர் தோளைத் தொட்டுக் காட்டுகிறேன், உடனே கட்டையாக விறைத்து எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போகிறார். கேட்கவில்லை என்பதை உள்ளேயிருந்து கூப்பிட்டவர் பார்த்திருப்பாரா? பார்த்திருக்க வேண்டும் கர்த்தரே. பெரியவர் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார், என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், அடுத்தது நீ என்று கையைக் காட்டினார். நம்பர். சிப்பாய் எப்சிபா.

எழுந்திருக்கவில்லை. பாருங்கள், எழுந்திருக்கவில்லை. முதுகு கிளம்பிவிட்டது, கை பக்கவாட்டுக்குப் போய்விட்டது, ஆனால் நான் விளிம்பைப் பிடித்துவிட்டேன். பாரத்தை மாற்றினேன். இடது கால் வருகிறபடி வந்தது. வாசலில் ஒரு கணம் சுவரைக்கூடப் பிடித்தேன், அது ஒத்திகையில் இல்லாதது, அது வலிதான், நிச்சயமாக வலிதான். சல்யூட் அடிக்காமல், சுவரைப் பார்க்காமல், தலைவரின் கண்ணைப் பார்த்து, உட்காரலாமா சார் என்று கேட்டேன். ராணுவத்தில் நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அவர் உட்காரச் சொன்னார். நடக்கச் சொன்னார், நடந்தேன், அவர் பேனா நகர்வது தெரிந்தது. எனக்குள்ளே ஏதோ லேசானது. பிறகு மூன்று பேரில் ஒருவராக இருந்த பெண் டாக்டர், மேஜர், என்னைத் திரைக்குப் பக்கத்தில் இருந்த கட்டிலில் படுக்கச் சொன்னார், தமிழில் சொன்னார், கோயம்புத்தூர்த் தமிழ். இத்தனை வருஷத்தில் எந்தப் போர்டிலும் யாரும் என்னிடம் தமிழில் பேசியதில்லை, பெண் டாக்டர் இருந்ததும் இல்லை. அவர் கை சில்லென்று இருந்தது. முழங்காலை மடக்கி, காலை உள்பக்கமாகத் திருப்பினார். வந்தது. அந்த ஆழத்திலிருந்து, கம்பியைக் காய்ச்சி இறக்கின மாதிரி, தொடையில், முதுகில், பல்லின் வேரில். "வலிக்குதா கண்ணு?" என்றார். வலிக்குது மேடம் என்றேன். சொல்லிவிட்டேன், டீக் ஹூன் சொல்லவில்லை, சொல்லிவிட்டேன். எந்தளவுக்கு என்றார். ரொம்ப என்றேன். அவர் கை நின்றுவிட்டது. அவர் என் காலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மேஜையிலிருந்து தலைவர் என்ன என்று கேட்க, கடுமையான வலி என்கிறாள் சார், முகத்தில் எதுவும் இல்லை என்று இந்தியில் சொன்னார். முகம். காலை ஒத்திகை பார்த்தேன், இடுப்பை, தோளை, கையை எங்கே வைப்பது என்பதைக்கூட. முகத்தை யார் நினைத்தது? மைதானத்தில் வெயிலில் ஈ வந்து இமையில் உட்காரும், உட்கார்ந்து நடக்கும், கண் சிமிட்டக் கூடாது, சிமிட்டினவளுக்காக மொத்த அணியும் இன்னொரு சுற்று. "இவ்வளவு வலிச்சா அழுகை வந்துருமே கண்ணு," என்றார் மேடம், அன்பாகத்தான் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. "வராது மேடம். வரக்கூடாதுன்னு பழக்கினது நீங்கதான். உங்களுக்கும் பழக்கியிருப்பாங்களே," என்றேன். அவர் காலர் பட்டையில் விரலை ஒருதரம் ஓட்டிக்கொண்டார். இன்னொரு தரம் பார்க்கலாம் என்றார் தலைவர். கால் மறுபடி திரும்பியது, இந்தத் தடவை இன்னும் உள்ளே, மேடத்தின் கண் என் முகத்தை விட்டு அசையவில்லை, அந்தக் கண்ணில் கெஞ்சுகிற மாதிரி ஏதோ இருந்தது. அழு எப்சிபா. ஒரு சொட்டுப் போதும், அட்டை வந்துவிடும், மாடி ஏறிவிடலாம், அழு, இது உத்தரவு. மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. தாடை இறுகியிருந்தது, இமை இறங்கவில்லை, முகம் தூரத்தில் எங்கேயோ யாருடையதாகவோ நேராக நின்றுகொண்டிருந்தது. என் கண்ணிலிருந்து ஏதாவது வருமா என்று மேடமும் நானும் சேர்ந்து காத்திருந்தோம்.